மூடிக்கு இரண்டு பேர்

விமானம் இரண்டாம் முறையும் பாதியிலேயே திரும்பி வந்தது. ஓடுபாதையின் கோடியில் தரையைத் தொட்டு, வெக்கையில் நெளியும் காற்றினூடே அது கொட்டகையை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தது. அது வந்து நிற்பதற்குள்ளாகவே, வாசலின் இடப்புறம் நின்ற மூடிக்காரரும் வலப்புறம் நின்ற எஞ்சின்காரரும் ஒருவரையொருவர் பாராமலே சண்டையைத் தொடங்கிவிட்டனர்.

“தகரம் தட்டத் தெரிஞ்சவனெல்லாம் விமானத்துக்கு மூடி செய்யக் கிளம்பினா இப்படித்தான்” என்று எஞ்சின்காரர் வானத்திடம் சொன்னார்.

“மாவு மில்லுல கிடந்த எஞ்சினைக் கொண்டாந்து மாட்டினா அது மாவுதான் அரைக்கும்” என்று மூடிக்காரர் தம் செருப்பிடம் சொன்னார்.

இருவரும் சம்பந்திகள். மூடிக்காரர் பெண்ணைப் பெற்றவர். எஞ்சின்காரர் பிள்ளையைப் பெற்றவர். விமானம் அந்தப் பெண்ணுடையது. இறக்கையின் ஒவ்வொரு விலா எலும்பையும் அவளே அறுத்து, இழைத்து, ஒட்டியிருந்தாள். ஓட்டுவதும் அவளே. பேருந்துக்கு உடற்கூடு கட்டும் பட்டறையில் வாழ்நாளைக் கழித்த அவளுடைய தந்தை, எஞ்சினைப் போர்த்தும் தகட்டு மூடியைச் செய்து தந்தார். கடைசல் பட்டறை நடத்தி ஓய்ந்த மாமனார், ஒரு பழைய எஞ்சினைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் புதுப்பித்துப் பூட்டித் தந்தார். இத்தகைய குடும்பம் ஊருக்கு ஒன்று வாய்த்தாலே பெரும்பேறு. வாய்த்ததை வைத்துக்கொண்டு வாழத் தெரிய வேண்டுமே!

பெண் இருக்கையிலிருந்து இறங்கினாள். சட்டை வியர்வையில் தோலோடு ஒட்டியிருந்தது. இரண்டு கிழவர்களையும் கடந்து நேரே விமானக் களப் பொறுப்பாளரிடம் போனாள். “மேலே ஏறும்போதே எஞ்சின் சூட்டைக் காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு சார். வேகத்தைக் குறைச்சுத் திருப்பிட்டேன்.”

களப் பொறுப்பாளர் குடைக்குள்ளிருந்து பேசினார். “பார்த்தேன்மா. ரெண்டு தடவை பார்த்துட்டேன். மூணாவதுதான் கடைசி. வர்ற சனிக்கிழமை உச்சி வெயில்ல களத்தைச் சுத்தி மூணு வட்டம் போடு. முள்ளு சிவப்பைத் தொடாம இறங்கினா கையெழுத்துப் போடுறேன். தொட்டுச்சுன்னா இந்த ஓடுபாதையில இது இனி ஏறாது. இறக்கையைக் கழட்டிப் பரண்ல போட்டுக்கோ.”

“காலையில பறந்து காட்டட்டுமா சார்? காத்து கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும்.”

“காலையில என் சைக்கிள்கூடத்தான் சூடாகாது.”

அவர் போய்விட்டார். வெயிலைக் குற்றஞ்சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வெயில் தொலைவில் இருந்தது. சம்பந்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது. காற்றுதான் அதைக் குளிர்விக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களைச் சுற்றிலும் மீன் செதிலைப் போல மெல்லிய உலோக மடிப்புகள். விமானத்தை இழுக்கும் விசிறிக்குப் பின்னால், மூடியின் மூக்கில் இரண்டு ஓட்டைகள். அவற்றின் வழியே நுழையும் காற்று, மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே அடைபட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அந்தச் செதில்களின் இடுக்கில் புகுந்து, சூட்டை வாரிக்கொண்டு அடிப்பக்கமாக வெளியேற வேண்டும். அடைபட்டால்தான் உழைக்கும், வழி கிடைத்தால் ஓடிவிடும். காற்றும் மனிதனும் இதில் ஒன்று. அது தப்பாதிருக்கத்தான் எஞ்சினைச் சுற்றித் தடுப்புத் தகடுகளும், அவற்றின் விளிம்பில் மூடியைத் தொடும்படி ஒரு ரப்பர்ப் பட்டையும் இருந்தன.

போன கோடையில் இதே வெயிலில், இதே களத்தில், வாலைக் கயிற்றால் கட்டிப்போட்டு எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். முள் பச்சையை விட்டு நகரவில்லை. அன்று சம்பந்திகள் ஒரே தட்டில் உண்ணாத குறைதான். அந்த நாளில் களத்துக்கு வந்த யாரோ ஒருவர், “அருமையா இருக்கே, யார் செஞ்சது?” என்று கேட்டுத் தொலைத்தார்.

“நான்தான்” என்றார் எஞ்சின்காரர். “மூடி மட்டும் சம்பந்தி. பாத்திரக் கடையில சொன்னா அவங்களும் போட்டுத் தருவாங்க. சொந்தம் விட்டுப்போகக் கூடாதேன்னு இவர்கிட்ட குடுத்தோம்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் தட்டையான தகட்டை மரச்சுத்தியால் தட்டித் தட்டி, ஒரு மடிப்போ சுருக்கமோ இல்லாமல் அந்த மூக்கை உருட்டியெடுத்த மனிதரின் முன்னிலையில் அதைச் சொல்லலாமா? நாக்கு வெந்து போகாதா? அன்றே முறிந்தது உறவு. அதற்குப் பிறகு முற்பகலில் மூடிக்காரர் வருவார். தம் வேலையை முடித்து, மூடியை மூடிவிட்டுப் போவார். பிற்பகலில் எஞ்சின்காரர் வருவார். மூடியைத் திறந்து தம் வேலையைப் பார்த்து, மூடிவிட்டுப் போவார். நடுவில் கொட்டகைக் காவலாளி இருந்தார். சாவியும் வசவும் அவர் வழியாகவே கைமாறின.

திங்கட்கிழமை மூடிக்காரர் கொட்டகைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். மூடியின் மூக்கிலிருந்த இரண்டு ஓட்டைகளும் தகரக் கத்தரியால் வெட்டிப் பெரிதாக்கப்பட்டிருந்தன. விளிம்பு கன்னா பின்னாவென்று பல்லிளித்தது.

காவலாளி தயங்கித் தயங்கி வந்தார். “ஐயா, அவர் ஒண்ணு சொல்லச் சொன்னார்.”

“சொல்லு.”

“அப்படியே சொல்லவா, கொஞ்சம் தண்ணி ஊத்திச் சொல்லவா?”

“அப்படியே சொல்லு.”

“‘சம்பந்தியோட மூக்கு மாதிரியே மூடியோட மூக்கும் அடைச்சுக் கிடந்துச்சு. திறந்து விட்டிருக்கேன். நன்றி எல்லாம் வேண்டாம்’னார்.”

மூடிக்காரரின் காது மடல் சிவந்தது. “நான் சொன்னேன்னு சொல்லு. ‘பல்லு பிடுங்குறது பிள்ளையோட தொழில். அப்பன் எதுக்கு என் மூடியைப் பிடுங்குறான்?’”

“‘பிடுங்குறார்’னு சொல்லட்டுமா ஐயா?”

மூடிக்காரர் ஒரு கணம் யோசித்தார். “சரி, ‘பிடுங்குறார்’னே சொல்லு. சம்பந்தி ஆச்சே.”

மாப்பிள்ளை பல் மருத்துவர். திறந்த வாய்களோடு பழகியே காலத்தைக் கழித்தவர். இறுக மூடிய வாய்களை என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியவில்லை. தந்தையிடம் ஒருமுறை பேசிப்பார்த்தார்; மாமனாரிடம் ஒருமுறை பேசிப்பார்த்தார்; பின்பு நோயாளிகளிடமே திரும்பிவிட்டார்.

மூடிக்காரர் வெட்டுண்ட விளிம்புக்குப் புதுத் தகட்டில் வளையம் உருட்டி, ரிவிட் அடித்து, ஓட்டையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். நுழையும் வாய் பெருத்தால் போதுமா? வெளியேறும் வாய்தானே காற்றை இழுக்கும்? ஆகவே மூடியின் அடிப்பக்கத் திறப்பில் வெளிப்புறமாக வளைந்த உதடு ஒன்றையும் வைத்தார். பிற்பகலில் வந்த எஞ்சின்காரர் அந்த உதட்டைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கினார். மறுநாள் அது மீண்டும் வளைந்தது. அன்று பிற்பகலே மீண்டும் தட்டையானது. குழந்தைகள் மணல்வீட்டை மிதித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். பேரப்பிள்ளை எடுக்கும் வயதில் இரண்டு பேர் அதையே செய்தார்கள்.

வியாழக்கிழமை எஞ்சின்காரர் தம் துருப்புச் சீட்டை இறக்கினார். வாலைக் கட்டிப்போட்டு, மூடியை அடியோடு கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினைத் திறந்த மேனியாக ஓட்டினார். மூடிதான் குற்றவாளி என்றால் மூடியில்லாத எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முள்ளோ முன்னைவிட விரைவாகச் சிவப்பைத் தொட்டது.

“அதுக்கு என்ன சொன்னார்?” என்று மறுநாள் காலையில் மூடிக்காரர் காவலாளியிடம் ஆவலோடு கேட்டார்.

“‘அந்த மூடியோட சேர்ந்து சேர்ந்து எஞ்சினுக்கே புத்தி கெட்டுப்போச்சு’ன்னார் ஐயா.”

மூடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்! மூடி இல்லாம காத்து அடைபடுமா? செதிலுக்குள்ள புகாம மேலாக்க ஓடிடுச்சு. மூடி இல்லைன்னா சூடு ஏறத்தான் செய்யும். இதுகூடத் தெரியாதவர்…”

சிரிப்பு நடுவில் நின்றது. மூடி இல்லாவிட்டால் சூடேறும். சரி. மூடி இருந்தும் சூடேறுகிறதே? இருந்தும் இல்லாததைப் போல் நடக்கிறதா அது?

அந்த எண்ணம் முடிவதற்குள் மகள் வந்து நின்றாள். அலுவலகத்துக்குப் போகும் வழியில் வந்திருந்தாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“அப்பா, நாளைக்கு நான் ஏறப் போறேன். ஏதாவது சரியாச்சா?”

“என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. உன் மாமனார் பக்கந்தான்…”

“இதையேதான் அவரும் சொல்றார். வார்த்தை மாறாம.” அவள் குரல் உயரவில்லை, அதுதான் சுட்டது. “உங்க பக்கம், அவர் பக்கம். அந்த முள்ளு சிவப்புக்குப் போறப்ப நான் யார் பக்கம்பா உட்கார்ந்திருக்கேன்? மேலே எஞ்சின் நின்னுபோனா உங்க ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சதா கணக்கு?”

அவள் விமானத்தின் இறக்கையை ஒருமுறை தடவிவிட்டுப் போய்விட்டாள்.

மூடிக்காரர் மூடியைத் திருகுகளிலிருந்து விடுவித்து, வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, ஒரு சாக்கின் மேல் மல்லாக்கக் கிடத்தினார். அதன் வெளிப்புறத்தைத்தான் ஆண்டுக்கணக்கில் மெருகேற்றியிருந்தார். உட்புறத்தை யார் பார்க்கிறார்கள்?

உட்புறம் எல்லாவற்றையும் சொல்லிற்று. ரப்பர்ப் பட்டை மூடியில் அழுந்தித் தேய்ந்த இடத்தில் கரிய கோடு விழுந்திருந்தது. பக்கவாட்டில் அந்தக் கோடு மை தீட்டியதைப் போல ஒழுங்காக ஓடியது. பின்புறம் வந்ததும் அறுந்துபோயிற்று. கோடு இருக்க வேண்டிய இடத்தில், துடைப்பத்தால் இழுத்ததைப் போலப் புழுதிக் கீற்றுகள் பின்னோக்கி நீண்டிருந்தன. அதுதான் காற்று ஓடிய தடம். நுழைந்த காற்றில் பாதி செதில்களைத் தீண்டாமலே, பின்சுவரைத் தாண்டிக் குதித்து ஓடியிருந்தது.

எஞ்சினருகே போய்ப் பின்தடுப்பைத் தடவிப் பார்த்தார். ரப்பர்ப் பட்டை முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே அடைபட்ட காற்றே அதை உப்பவைத்து மூடியோடு ஒட்ட வைக்கும். இங்கோ அது பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. காற்று வர வர, பணிவான வேலைக்காரனைப் போலக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

யார் மடக்கியது?

அவருக்குப் போன கோடை நினைவுக்கு வந்தது. அன்றெல்லாம் மூடியை இருவர் சேர்ந்துதான் மூடுவார்கள். இவர் மூடியை இரு கையாலும் ஏந்தி மெல்ல இறக்குவார். சம்பந்தி மூக்கு ஓட்டைக்குள் தம் மெலிந்த கையைத் தோள்வரை நுழைத்து, பட்டையை விரலால் முன்னுக்குச் சுருட்டிப் பிடித்துக்கொள்வார். மூடி உட்கார்ந்ததும் கையை உருவுவார். அதை ஒரு வேலை என்றுகூட இருவரும் எண்ணியதில்லை. ஊர்க்கதை பேசியபடியே செய்தார்கள். சண்டைக்குப் பிறகு மூடி ஒருவருக்கு, எஞ்சின் ஒருவருக்கு என்று பாகப்பிரிவினை நடந்தது. பட்டை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அது யாருக்கும் போகவில்லை. தனி ஆளாக மூடியை வைப்பவன் முன்பக்கத்தைச் செருகி, பின்பக்கமாக இழுத்துத்தான் வைக்க முடியும். இழுக்கும்போது பட்டையும் கூடவே மடங்கும். முற்பகலில் இவர் மடக்கினார். பிற்பகலில் அவர் மடக்கினார். சூடேற்றியது வெயிலல்ல.

இதை மகளை வைத்தே சரிசெய்துவிடலாம் என்று முதலில் நினைத்தார். கௌரவமும் கெடாது. ஆனால் பறப்பதற்குச் சற்று முன்பு எண்ணெயும் தீப்பொறிச் செருகிகளும் பார்ப்பதற்காக எஞ்சின்காரர் மூடியைத் திறப்பார், தனியாக மூடுவார். எவ்வளவு திருத்தமாக வைத்தாலும் அந்த ஒரு மூடலில் எல்லாம் பாழ். சொல்லித்தான் ஆக வேண்டும். காவலாளி வழியாகச் சொல்லியனுப்ப நா எழவில்லை. சொல்லவேண்டிய செய்தியில் ‘நானும்’ என்று ஒரு சொல் இருந்தது. அதைப் பிறர் வாயால் அனுப்ப முடியாது.

சனிக்கிழமை உச்சிப்பொழுதில் கொட்டகைத் தகரம் பொரிந்தது. பெண் விமானத்தில் ஏறி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின்காரர் மூடியைத் திறந்து எண்ணெய்க் கம்பியை உருவிக்கொண்டிருந்தபோது மூடிக்காரர் உள்ளே வந்தார். காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

“நேரம் மாறி வந்துட்டீங்க போல” என்றார் எஞ்சின்காரர், திரும்பாமலே. அந்த ஆண்டில் அவர் நேருக்கு நேர் சொன்ன முதல் வார்த்தை அது.

“பின்பக்க ரப்பர் மடங்குது. அதான் சூடு.”

“யார் மடக்குறது?”

“நீங்க.”

“ஓஹோ! இதைச் சொல்லத்தான் வெயில்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா?”

மூடிக்காரர் பல்லைக் கடித்தார். “நானும்தான்.”

எஞ்சின்காரர் இப்போது திரும்பினார். “என்ன சொன்னீங்க? எஞ்சின் சத்தத்துல காது சரியாக் கேக்குறதில்ல.”

“எஞ்சின் ஓடலையே சம்பந்தி.”

“பழைய சத்தம் இருக்குல்ல.”

“நானும்தான் மடக்கினேன்! போதுமா? தனியா மூடினா மடங்கும். மூடியைக் கவுத்துப் பாருங்க, தடம் இருக்கு.”

எஞ்சின்காரர் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். புழுதிக் கீற்றின் மேல் விரலை ஓட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்பதும் தெரிந்தது. “மூடி கோணலா இருந்தா ரப்பர் மடங்கத்தான் செய்யும்” என்றார்.

“என் மூடியா கோணல்? உங்க…”

“நேரம் ஆகுது!” என்று வெளியிலிருந்து களப் பொறுப்பாளர் குரல் கொடுத்தார்.

பெண் இருக்கையிலிருந்தே எட்டிப் பார்த்தாள். “கோணலோ நேரோ, யார் மூடினாலும் இதுல உட்காரப் போறது நான். மாமா, கையை விடுங்க. அப்பா, மூடியை இறக்குங்க. ஒரு வார்த்தை கூடுதலாப் பேசினா மடங்கின ரப்பரை அப்படியே வெச்சுக்கிட்டு நான் ஏறிடுவேன். அப்புறம் உங்க பாடு.”

எஞ்சின்காரர் சட்டைக் கையை மடித்தார். மூடிக்காரர் மூடியை ஏந்தினார். மெலிந்த கை மூக்கு ஓட்டைக்குள் நுழைந்தது. புது வளையத்தின் விளிம்பு தோளில் உரசிற்று.

“ஓட்டையை நான் பெருசாத்தான் வெச்சிருந்தேன்” என்று முனகினார் எஞ்சின்காரர்.

“வயசுக்கு மேல சதை வெச்சா இப்படித்தான். பிடிச்சீங்களா?”

“பிடிச்சுட்டேன். மெல்ல.”

“எனக்கு மூடத் தெரியும்.”

“ஒரு வருஷமா பார்த்தேனே, எவ்வளவு தெரியும்னு.”

மூடி இறங்கிக்கொண்டிருந்தது. கனமான அந்தத் தகட்டின் கீழே சம்பந்தியின் கை முழுவதும் இருந்தது. கொஞ்சம் பிடி நழுவினால் போதும். அந்த எண்ணம் மூடிக்காரரின் மனத்துக்குள் ஒரு பாம்பைப் போலத் தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தானே உள்ளே போய்விட்டது. அவர் விரல்கள் மூடியை முன்னினும் இறுகப் பற்றின. கீழே ரப்பர் முன்பக்கமாகச் சுருண்டு மூடியை மெல்லத் தாங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. போன கோடைக்குப் பிறகு அந்தத் தாங்கலை அவர் உணரவே இல்லை; உணரவில்லை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“எடுங்க கையை.”

“எடுத்தாச்சு.”

திருகுகள் இறுகின. விசிறி சுழன்றது. அவள் தரையில் வீணாக நின்று எஞ்சினைக் காய்ச்சாமல் காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்பி, ஓடி, எழும்பினாள். மாப்பிள்ளை கையடக்க வானொலியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அதில் வந்ததை அவர் சொல்லச் சொல்ல, இரண்டு கிழவர்களும் அவருடைய இரு தோள்களையும் ஒட்டி நின்று கேட்டார்கள்.

“பச்சை… பச்சை… மஞ்சள் தொடங்குதாம்.”

“ஏறும்போது அப்படித்தான்” என்றார் எஞ்சின்காரர். அவர் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

“மஞ்சள் பாதி. முதல் வட்டம்.”

குடைக்குள் களப் பொறுப்பாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“இன்னும் ஏறுதாம்பா. சிவப்புக்குப் பக்கத்துல.”

மகளின் விமானம் வெண்ணிற வானில் ஒரு பொட்டாக வளைந்துகொண்டிருந்தது. ‘வேகத்தைக் குறை, மூக்கைத் தாழ்த்து’ என்று மூடிக்காரர் உள்ளுக்குள் மன்றாடினார். அவள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

“நின்னுடுச்சு. மஞ்சள்லயே நிக்குது. ரெண்டாவது வட்டம்.” மாப்பிள்ளை மூச்சுவிட்டார். “இறங்குது… மாமா, மஞ்சள்ல கீழே வருது. மூணாவது.”

தரையிறங்கியதும் களப் பொறுப்பாளர் கண்ணாடி வழியே குனிந்து முள்ளைப் பார்த்தார். “சிவப்பைத் தொடல” என்றார், ஏதோ இழந்தவரைப் போல. கையெழுத்தும் போட்டார்.

எஞ்சின்காரர் ரப்பர் கரி அப்பிய கையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். “இந்தக் கைதான். இது உள்ளே போகலைன்னா இன்னிக்கு என்ன ஆகியிருக்கும்?”

“அந்தக் கை மேல மூடியைப் போடாம வெச்சிருந்தேனே, அதைச் சொல்லுங்க.”

“ஓட்டை பெருசா இருந்திருந்தா மஞ்சளுக்கே போயிருக்காது.”

“உதட்டைத் தட்டாம விட்டிருந்தா பச்சையிலயே உறங்கியிருக்கும்.”

பெண் இறங்கி வந்தாள். சிரிக்கவில்லை. காவலாளியிடமிருந்து கொட்டகைச் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். “இனிமே சாவி என்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் கதவு திறக்கும். தனியா வந்தா வெயில்லதான் நிக்கணும்.”

உறவு அன்றோடு கூடிவிட்டது என்று யாரும் மகிழ வேண்டாம். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் இருவரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். கதவின் இருபுறமும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மூடியை மட்டும் சேர்ந்து மூடினார்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் கை உள்ளே இருக்கும். அதன் மேலே மற்றவரின் மூடி இருக்கும்.

“இறக்கட்டுமா சம்பந்தி?”

“அதுதானே உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. இறக்குங்க.”